கழுவினால் எவ்வளவு போகும்? பச்சைக் காய்கறி பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கர்ப்பகால சர்க்கரை இருப்பதால் சோற்றைக் குறைத்து வெள்ளரி, கேரட், தக்காளி, முளைகட்டிய பயறு, பழத்துண்டு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் உப்பும் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் கொடுக்கிறேன். காய்கறி கழுவுவதற்கென்றே விற்கிற திரவம் ஒன்றை மகன் வாங்கி வந்திருக்கிறான். பக்கத்து வீட்டிலோ பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள அம்மா,

சோப்பு கூடவே கூடாது. மகன் வாங்கி வந்த திரவம் தேவையில்லை. உப்பு-மஞ்சள் ஊறலையும் விட்டுவிடலாம். இந்த மூன்றையும்விட முக்கியமான இரண்டு விஷயங்கள் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்திருக்கின்றன. ஒன்று முளைகட்டிய பயறு. இன்னொன்று போர் தண்ணீர். பயறை இனிமேல் பச்சையாகக் கொடுக்காதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காயைக் கடைசியாக அலசும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். இந்த இரண்டை மட்டும் இன்றே மாற்றினாலும் பெரிய ஆபத்துகள் விலகிவிடும்.

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்து நன்றாகக் கழுவினால் காயின் மேல் இருக்கும் கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை போகும். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் ஒரு லட்சம் கிருமி இருந்த இடத்தில் இன்னும் ஆயிரமோ பத்தாயிரமோ மிஞ்சியிருக்கும் என்பதுதான் அதன் பொருள். இலையின் சுவாசத் துளைகளிலும், காம்பு ஒடிந்த இடத்திலும், நகம் பட்ட கீறலிலும் புகுந்துகொண்டவை தண்ணீருக்கு அகப்படுவதில்லை. சாம்பாருக்கும் பொரியலுக்கும் போகிற காய் என்றால் மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். பச்சையாகத் தின்கிற காய்க்கு அடுப்பு கிடையாது. அதனால் காய்கறி வீட்டுக்கு வந்ததுமே எது கொதிக்கப்போகிறது, எது பச்சையாகப் போகிறது என்று பிரித்துவிடுங்கள். கவலையையும் நேரத்தையும் இரண்டாவது கூடைக்குச் செலவழியுங்கள்.

உங்கள் மகளுக்கு இதில் ஏன் கூடுதல் கவனம் என்பதையும் சொல்லவேண்டும். கர்ப்பகாலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி மாறுகிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுக் கோளாறோடு போய்விடலாம், கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தொடும். அது ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. பூனை எச்சம் கலந்த மண்ணில் இருக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் குழந்தையைப் பாதிக்கும். கழிவுநீர் கலந்த தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை கடைசி மூன்று மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். போர் தண்ணீரைப் பற்றி நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். போர் தண்ணீர் பளிச்சென்று இருக்கலாம், அருகில் செப்டிக் டேங்க் இருந்தால் அந்தத் தெளிவை வைத்து எதுவும் சொல்லமுடியாது. மொட்டைமாடித் தொட்டி கழுவி எத்தனை மாதமாயிற்று என்பதையும் பாருங்கள். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடிவைத்து ஆறவிடுங்கள். பச்சைக் காய்க்கு மட்டும் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தாராளம். முதல் இரண்டு அலசலைக் குழாய்த் தண்ணீரிலேயே செய்யலாம், கடைசி அலசல்தான் இதில்.

இப்போது உப்பு-மஞ்சள். கடல் தண்ணீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்கு. ஐந்து லிட்டர் பாத்திரத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டாலும் அந்த அளவை எட்டாது. லிஸ்டீரியாவோ நூற்றுக்குப் பத்து பங்கு உப்பிலும் வளரும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை, தண்ணீர் மஞ்சளாகத் தெரிவது அதில் மிதக்கும் தூளால். அரைத்த மசாலாத் தூள்களில் மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா வித்துகள் இருப்பதும் சாதாரணம். பச்சைக் காயின் மேல் அதைப் பூசுவானேன்? இதைவிடச் சிக்கல் அரை மணி நேரம் ஊறுவது. எல்லாக் காயும் ஒரே பாத்திரத்தில் கிடக்கும்போது கெட்டுப்போன ஒரு தக்காளியில் இருந்தது வெள்ளரிக்கும் மல்லிக்கும் பரவிவிடுகிறது. சுத்தம் செய்யவேண்டிய தண்ணீரே கிருமியைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது.

உப்புத் தண்ணீருக்கு ஒரு நல்ல வேலை உண்டு. காலிஃபிளவரைப் பூப்பூவாக உதிர்த்து, வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் புழுவும் பூச்சியும் வெளியே வந்துவிடும். அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் காலிஃபிளவர் வேகத்தானே போகிறது.

சோப்பு ஏன் கூடாது என்றால், காய்கனியின் தோலும் இலையும் நுண்ணிய துளைகள் உள்ளவை. சோப்பு அதில் இறங்கிவிடும், எவ்வளவு அலசினாலும் முழுக்கப் போகாது. வயிற்றுப் பிரட்டலும் பேதியும் அதனாலேயே வரலாம். கொரோனா காலத்தில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் புகுந்தது. ஆனால் 2020-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோப்பும் கிருமிநாசினியும் காய்கறியில் படக்கூடாது என்றுதான் சொன்னது. விற்பனைக்கு வரும் காய்கறித் திரவங்களைப் பொறுத்தவரை, அவற்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் பரிந்துரைப்பதில்லை, வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலே போதும் என்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பிரஷ்ஷும் தனியாக ஒரு வெட்டுப் பலகையும் வாங்கிவிடலாம்.

சோடா மாவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியே தீருவார்கள். அது பூச்சிமருந்துக்கு, கிருமிக்கு இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு டீஸ்பூன் சோடா மாவு கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது, சோதித்த இரண்டு மருந்துகளும் தோலின் மேலிருந்து போயின. அவற்றில் ஒரு மருந்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது, அதை எதுவும் எடுக்கவில்லை. திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் செய்ய விரும்பினால் செய்யுங்கள். பிறகு நன்றாக அலசவேண்டும். கருந்திராட்சையின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது பெரும்பாலும் பழமே சுரக்கும் மெழுகு, அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

கழுவும் முறைக்கு வருவோம். முதலில் கையை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிங்க்கையும் கழுவிவிடுங்கள், பாத்திரம் துலக்கிய எச்சில் அங்கேதான் இருக்கும். காயை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், முழுதாகக் கழுவி அப்புறம் நறுக்குங்கள். வெட்டுவாயில் சாறு கசிகிறது, கிருமிக்கு அது தீனி, ஒட்டிக்கொள்ள இடமும் அதுதான். அழுகல், வெடிப்பு உள்ள பகுதியைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எறியுங்கள்.

வெள்ளரி, கேரட், முள்ளங்கி போன்ற கெட்டிக் காய்களைக் குழாயடியில் பிடித்து, இதற்கென்று தனியாக வைத்திருக்கும் பிரஷ்ஷால் அரை நிமிடம் தேயுங்கள். புதிய டூத்பிரஷ் ஒன்றே போதும், வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுங்கள். பிறகு கொதித்தாறிய குடிநீரில் அலசி, சுத்தமான துணியால் துடையுங்கள். துடைப்பது வீண்வேலை இல்லை, தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் கிருமி துணிக்குப் போய்விடுகிறது. அந்தத் துணி அடுப்படியில் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக இருக்கக்கூடாது. கேரட்டைக் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள், சீவிவிட்டு இன்னொருமுறை அலசுங்கள்.

தக்காளியிலும் மாம்பழத்திலும் அதிகம் பேர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. வெயிலில் கிடந்து சூடேறிய பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது காம்பு இருந்த தழும்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து போகும், அப்புறம் எந்தக் கழுவலும் அதைத் தொடாது. 1999-இல் அமெரிக்காவில் மாம்பழம் சாப்பிட்டவர்களிடையே சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவியது. பிரேசிலில் இருந்து வந்த அந்தப் பழங்களை, பழ ஈயைக் கொல்வதற்காகச் சுடுதண்ணீரில் முக்கி, பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஆறவைத்திருந்தார்கள். கிருமி உள்ளே போன வழி அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு ஆய்ந்தவர்கள் வந்தார்கள். நம் வீடுகளில் மாம்பழத்தைச் சூடு தணியத் தண்ணீரில் போட்டு வைப்போம். போடுங்கள், தவறில்லை. பழத்தை முதலில் நிழலில் ஆறவிட்டு, குழாயடியில் கழுவி, பிறகு குடிக்கிற தண்ணீரில் போடுங்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். தக்காளியை ஊறவே போடாமல் ஓடும் தண்ணீரில் கழுவுவது நல்லது.

கொத்தமல்லி, புதினா, கீரை வாங்கியதும் கட்டை அவிழ்த்து வேரையும் அடித்தண்டையும் வெட்டிவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இலையை அலசுங்கள். அலசியபின் இலையைக் கையால் மேலே தூக்கி எடுக்கவேண்டும். பாத்திரத்தோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலையின் மேலேயே விழும். தண்ணீரை மாற்றி மாற்றி, அடியில் மணல் நெருடாத வரைக்கும் செய்யுங்கள், பெரும்பாலும் மூன்று தடவை ஆகும். இயற்கை விவசாயக் கீரைக்கும் இதே அளவு கழுவல் வேண்டும். பூச்சிமருந்து இல்லாமல் இருக்கலாம், சாணம் இருக்குமே.

மகளுக்கு மல்லிச் சட்னி, புதினாச் சட்னி வேண்டுமென்றால் இலையை வதக்கி அரையுங்கள். ரசத்துக்கு மல்லித்தழையை அடுப்பை அணைத்த பிறகு தூவாமல், நுரை கட்டி எழும்போது போட்டு ஒரு கொதி விடுங்கள். மணம் கொஞ்சம் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்குத்தானே.

முட்டைக்கோஸைப் பச்சையாக சாலட்டில் போடுகிறீர்கள் என்றால் மேல் இலை மூன்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இலையாகப் பிரித்துக் கழுவவேண்டும். நாடாப்புழு முட்டை பற்றிய பயம் வெறும் வதந்தி இல்லை. பன்றி நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் கலந்த மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ முட்டை காயில் ஒட்டிக்கொண்டால், மாமிசமே தொடாதவருக்கும் மூளையில் கட்டி வந்து வலிப்பு ஏற்படலாம். அந்த முட்டைகள் எந்த மருந்துத் தண்ணீரிலும் எளிதில் சாவதில்லை. தேய்த்து அலசி வெளியேற்றலாம், இல்லாவிட்டால் வேகவைக்கலாம். உங்கள் மகளுக்குக் கோஸை வதக்கிக் கொடுங்கள் என்பதே என் யோசனை.

முளைகட்டிய பயறுக்கு வருகிறேன். 2011 மே மாதம் வட ஜெர்மனியில் திடீரென்று நூற்றுக்கணக்கானோர் இரத்தப்பேதியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது, மக்கள் வெள்ளரியைக் குப்பையில் கொட்டினார்கள். கடைசியில் பிடிபட்டது முளைகட்டிய வெந்தயம். எகிப்திலிருந்து வந்த விதையில் ஈ.கோலை இனக் கிருமி ஒன்று இருந்திருக்கிறது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றார்கள், எண்ணூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதித்தது, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1996-இல் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளிப் பிள்ளைகளிடையே பெரிய அளவில் ஈ.கோலை நோய் பரவியபோதும் முள்ளங்கி முளைமேல்தான் சந்தேகம் விழுந்தது.

'வீட்டிலேயே சுத்தமாக முளைகட்டுகிறேனே' என்று கேட்பீர்கள். கிருமி வருவது வயலிலிருந்து, விதையின் தோல் விரிசலுக்குள் காய்ந்துபோய் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஈரத்துணியில் கட்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓரிரவு வைப்பது பயறு முளைக்க எவ்வளவு இதமோ அவ்வளவு இதம் கிருமி பெருகவும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒரே ஒரு கிருமி பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அதைக் கழுவி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை எடுத்தாலும் பத்தாயிரம் மிச்சம். மோந்து பார்த்தால் வாடையும் தெரியாது. ஆகவே முளைவிட்ட பயறை இட்லிப் பானையில் ஆவி வந்தபின் பத்து நிமிடம் வேகவையுங்கள், விரலால் நசுக்கினால் நசுங்கவேண்டும். கடுகு தாளித்துத் தேங்காய் சேர்த்தால் சுண்டல். வைட்டமின் சி கொஞ்சம் போகும், புரதமும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும், சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்குத் தேவையானவை அவைதான். இரவில் ஊறவைத்து வெறும் வயிற்றில் தின்னும் வெந்தயத்தையும் முளைவிடும் வரை விடாமல் இருப்பது நல்லது. ஊறுவது ஃப்ரிட்ஜுக்குள் ஊறட்டும்.

குளோரின் தண்ணீர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேன்டீன்களிலும் ஹோட்டல்களிலும் பயன்படுத்துவது இது. அளவு 50 பிபிஎம், அதாவது ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம். உணவுத் தரம் என்று அச்சிட்ட ஐந்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலானால் லிட்டருக்கு ஒரு மில்லி, சிரிஞ்சில் அளந்து விடவேண்டும். மண் போகக் கழுவிய காயை அதில் ஐந்து நிமிடம் வைத்துக் குடிநீரில் அலசவேண்டும். மண்ணோடு போட்டால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். துணி வெளுக்கும் வாசனைப் பாட்டில் இதற்கு ஆகாது. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ இதோடு கலந்தால் விஷவாயு கிளம்பும். புழு முட்டைக்கும் டாக்ஸோபிளாஸ்மாவுக்கும் இது பலிக்காது. வீட்டில் தினமும் அளந்து செய்வதில் பிசகு நேர்வதுதான் அதிகம் என்பதால், கொதித்தாறிய தண்ணீரும் பிரஷ்ஷும் உள்ள வீட்டுக்கு நான் இதை வற்புறுத்துவதில்லை.

தோல் உரித்துத் தின்கிற பழத்தையும் கழுவத்தான் வேண்டும். கத்தி தோலைத் தாண்டி உள்ளே போகும்போது மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகிறது. கிர்ணிப்பழம் இதில் மோசம். தோல் சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கு தங்கும், சதையில் புளிப்பு இல்லாததால் கிருமி வளரும். 2011-இல் அமெரிக்காவில் இந்த வகைப் பழத்தால் லிஸ்டீரியா பரவி 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, அப்புறம் வெட்டுங்கள், வெட்டியதும் சாப்பிடட்டும். எந்தப் பழமும் வெட்டியபின் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. திருச்சி வெயிலில், 32 டிகிரிக்கு மேல் போகிற நாட்களில், ஒரு மணி நேரம்தான். மிச்சத்தை மூடி 5 டிகிரிக்குக் கீழே வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். கடையில் வெட்டிவைத்த பழமும் ரோட்டோர மாங்காய்ப் பத்தையும் இப்போதைக்கு வேண்டாம்.

சமையலறையில் பார்க்கவேண்டிய இடங்கள் இன்னும் சில உண்டு. கோழி, மீன் கழுவும் நாளில் பச்சைக் காயை முதலில் கழுவி நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அதன் பிறகே கோழியைத் தொடுங்கள். கோழி கழுவும்போது தெறிக்கும் துளிகள் சிங்க்கைச் சுற்றி நாம் நினைப்பதைவிட அதிக தூரம் போகும். அரிவாள்மனையைத் தரையில் வைத்து நறுக்குகிறீர்கள் என்றால் பலகையின் அடியையும் அலகின் அடிப்பகுதியையும் சேர்த்துக் கழுவுங்கள். நறுக்கிய காய் தரையில் படாமல் தட்டில் விழட்டும். மிக்ஸி ஜாடி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், பழைய சட்னி அங்கே இருக்கும். வாழையிலையை மேலே தண்ணீர் தெளித்துத் துடைப்பதோடு விடாமல், இரண்டு பக்கமும் குடிநீரில் கழுவிப் போடுங்கள். ஃப்ரிட்ஜில் மாமிசம் அடித்தட்டில், மூடிய டப்பாவில். வாங்கிய காயை மொத்தமாகக் கழுவி ஈரத்தோடு அடுக்கவேண்டாம், ஈரத்தில் அழுகல் பிடிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. மகளுக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் சாதாரண சளிக்காய்ச்சல் என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், லிஸ்டீரியா அப்படித்தான் தொடங்கும். சாப்பிட்டுப் பல வாரம் கழித்துக்கூட அது தலைகாட்டலாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடந்த சில வாரங்களில் பச்சையாக என்னென்ன சாப்பிட்டாள், எந்தத் தண்ணீர் குடித்தாள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனை செய்வது என்று தீர்மானிக்க அது அவருக்கு உதவும்.